தினமும் மீன் சாப்பிடுறவங்களுக்கும் சுகர், பிரஷர் வருவது ஏன்? கடியப்பட்டணத்துத் தட்டு சொல்லும் கணக்கு

கன்னியாகுமரி மாவட்டம் கடியப்பட்டணம். வள்ளியாறு கடலில் சேரும் இடம். ஒரு பக்கம் முட்டம், மறுபக்கம் மணவாளக்குறிச்சி. காலையில் கரைக்கு வரும் மீன் மதியம் சட்டியில் கொதிக்கும் ஊர். மீன் உடம்புக்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்வதைக் கேட்டால், இதுபோன்ற கடலோர ஊர்களில் சுகரும் பிரஷரும் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. ஆனால் நிலைமை அப்படி இல்லை. கடலோரத்திலும் மாத்திரை டப்பா இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது.

"நாம உழைக்குற ஆளு, நமக்கெல்லாம் சுகர் வராது", "ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு டெஸ்ட்டு?" இந்த இரண்டு பேச்சும் எல்லா ஊரிலும் உண்டு. இரண்டுமே சரியில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியென்றால் தப்பு எங்கே நடக்கிறது? மீனிலா, சோற்றிலா, உப்பிலா? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் தமிழ்நாட்டு நிலவரம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமான ஐசிஎம்ஆரும், சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய 'இண்டியாப்' ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. 1 லட்சத்து 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்த ஆய்வு இது. இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய், இன்னொரு 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள் என்று அது கணக்கிட்டது. பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம்.

மாநில வாரியாகப் பார்த்தால் தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 சதவீதம். தேசிய சராசரி 11.4 சதவீதம்தான். மீனும் தேங்காயும் மரச்சீனியும் நம்மைப் போலவே சாப்பிடும் பக்கத்து வீடான கேரளாவில் 25.5 சதவீதம். அதாவது நான்கில் ஒருவர். கன்னியாகுமரி மாவட்டச் சமையலறை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் இந்த எண் இங்கே முக்கியம்.

தட்டில் என்னதான் இருக்கிறது?

சம்பா அரிசிச் சோறு, தேங்காய் அரைத்த மீன்குழம்பு, சில நாள் மரச்சீனிக்கிழங்கு, காலையில் புட்டு, கடல் அடிக்கிற மாதங்களில் கருவாடு. கடியப்பட்டணம் போன்ற கடற்கரை ஊர்களின் சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்.

இதில் மரச்சீனி இங்கே பிறந்ததல்ல. தென் அமெரிக்கக் கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. அந்தப் பஞ்ச காலத்தில் திருவிதாங்கூர் மக்களின் வயிற்றை நிரப்பியது இந்தக் கிழங்குதான். 1956 நவம்பர் 1-ம் தேதி கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆனால் மரச்சீனியும் மீனும் என்ற ஜோடி மாறவில்லை.

பசிக்கு அது சரியான உணவு. 100 கிராம் பச்சை மரச்சீனியில் சுமார் 160 கலோரி இருக்கிறது. ஆனால் புரதம் சுமார் ஒன்றரை கிராம்தான். மீதி பெரும்பாலும் மாவுச்சத்து. அன்று துடுப்பு வலித்து, வலை இழுத்து வந்தவருக்கு அது எரிபொருள். இன்று?

உழைப்பு குறைஞ்சுது, சோறு குறையலை

1980-களில் இந்தக் கரையோரத்தில் பிளைவுட் வள்ளங்களும் படகின் பின்னால் மாட்டும் எஞ்சினும் பரவத் தொடங்கின. கட்டுமரத்தில் பாயும் துடுப்பும் செய்த வேலையை எஞ்சின் எடுத்துக்கொண்டது. கடல் வேலை இன்றும் கடினமானதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தினமும் பல மணி நேரம் கையால் வலிக்கும் வேலை போய்விட்டது. கரையில் பைக் வந்தது, வீட்டில் மிக்ஸி, கிரைண்டர் வந்தது.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டி, முட்டு வலியோ பார்வைக் குறைவோ வந்து, கடலுக்குப் போவதை நிறுத்தியவர்கள். உழைப்பு ஒரே நாளில் நின்றுவிடும். தட்டில் விழும் சோறு மட்டும் அதே அளவில் தொடரும். செலவாகாத மாவுச்சத்து முதலில் ஈரலிலும் வயிற்றைச் சுற்றியும் கொழுப்பாகச் சேரும். அந்தக் கொழுப்பு இன்சுலினை வேலை செய்ய விடாது. கணையம் இன்னும் அதிக இன்சுலின் சுரந்து சமாளிக்கும். சில வருடங்களில் அதுவும் களைத்துப்போகும். அப்போதுதான் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது.

சோறு எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து?

இந்தக் கேள்விக்கு 21 நாடுகளில் 1 லட்சத்து 32 ஆயிரம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த 'ப்யூர்' ஆய்வு 2020-ல் ஒரு பதில் தந்தது. நாளொன்றுக்கு 150 கிராமுக்குக் குறைவாக வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், 450 கிராமோ அதற்கு மேலோ சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மொத்தத்தில் 20 சதவீதம் கூடுதல். இந்தியா உள்ளிட்ட தெற்காசியாவை மட்டும் பிரித்துப் பார்த்தால் அந்தக் கூடுதல் 61 சதவீதம்.

2025 செப்டம்பரில் வெளியான இண்டியாப் உணவு ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அதில் வெறும் 5 சதவீதக் கலோரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புரதத்தை வைத்தால் சர்க்கரை நோய் வாய்ப்பு குறைகிறது என்பது அதன் கணக்கு.

அந்த 5 சதவீதம் தட்டில் எவ்வளவு? ஒருவர் ஒரு நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 சதவீதம் 100 கலோரி. மாவுச்சத்துக் கணக்கில் அது 25 கிராம். வெந்த சோறாகப் பார்த்தால் ஒரு சின்னக் கரண்டி, சுமார் 90 கிராம். அதற்கு ஈடான 25 கிராம் புரதம் சுமார் 125 கிராம் மீனில் கிடைக்கும். ஒரு கரண்டிச் சோறு குறைவு, இரண்டு துண்டு மீன் கூடுதல். கடற்கரையில் இருப்பவர்களுக்கு இது எட்டாத விஷயம் இல்லை.

இதே ஆய்வில் இன்னொரு முக்கியமான தகவலும் உண்டு. அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினால் மட்டும் போதாது. மொத்த மாவுச்சத்து குறையாவிட்டால் பெரிய பலன் இல்லை. "சோத்தை விட்டுட்டேன், ராத்திரி ஆறு சப்பாத்திதான்" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒல்லியா இருந்தா சுகர் வராதா?

புனேயைச் சேர்ந்த மருத்துவர் சி.எஸ்.யாக்னிக், பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யூட்கின். இருவரும் 2004-ல் ஒரு படத்தை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அருகருகே நிற்கும் இரண்டு பேருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடான பிஎம்ஐ ஒன்றுதான்: 22.3. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பு? யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இது பிறக்கும்போதே தொடங்குகிறது என்பதையும் புனே ஆய்வுகள் காட்டின. அங்கே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை வெகுவாகக் குறைந்திருந்தது, ஆனால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தாய்க்குக் கர்ப்பகாலத்தில் சத்தான சாப்பாடு கிடைக்காததும் இதற்கு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. சர்க்கரையை உள்வாங்கிச் செலவழிக்கும் பெரிய இடம் தசைதான். அது குறைவாக இருந்தால், பின்னாளில் சாப்பாடு கூடும்போது சர்க்கரை தேங்கும்.

இங்கிலாந்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2021-ல் வந்த ஆய்வு ஒன்று, வெள்ளையர்களுக்கு பிஎம்ஐ 30-ல் வரும் சர்க்கரை நோய் ஆபத்து தெற்காசியர்களுக்கு 23.9-லேயே வந்துவிடுகிறது என்றது. அதனால்தான் இந்திய மருத்துவர்கள் பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே அதிக எடை என்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை. கையும் காலும் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் வந்திருப்பவர்கள் தராசை நம்ப வேண்டாம், டேப்பை நம்பலாம்.

கருவாடும் உப்பும்: பிரஷர் எங்கிருந்து வருது?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. ஒருவர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடும் எல்லாவற்றிலும் சேர்த்துத்தான் இந்த அளவு. கருவாடு, ஊறுகாய், பப்படம், கடை மிக்சர் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

மீனை உப்பிட்டுக் காயவைப்பது குளிர்பெட்டி இல்லாத காலத்து அறிவு. கடல் சீறும் மாதங்களில் அதுதான் குடும்பத்தைக் காப்பாற்றியது. மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நேரத்தில் பச்சை மீன் விலை ஏறும், கருவாட்டுச் சட்டி அடுப்பில் ஏறும். பிரஷர் உள்ளவர்களுக்குச் சிக்கல் அங்கேதான். கருவாட்டுக் குழம்பில் தனியாகவும் உப்பு விழுந்தால், ஒரே வேளையில் அந்த நாளின் அளவு முடிந்துபோகும்.

உப்பைக் குறைத்தால் உண்மையிலேயே பலன் உண்டா? இரண்டு ஆசிய உதாரணங்கள். 1950-களில் வடக்கு ஜப்பானில், குறிப்பாக அகிதா பகுதியில், உப்பிட்ட மீனும் உப்பு ஊறுகாயும் அன்றாட உணவு. ஒரு நாள் உப்பு 20 கிராமைத் தாண்டியது. பக்கவாதச் சாவுகளும் நாட்டிலேயே அங்கு மிக அதிகம். உப்பைக் குறைக்கும் பிரசாரமும் ரத்த அழுத்தப் பரிசோதனையும் தொடங்கிய பிறகு, அடுத்தடுத்த பத்தாண்டுகளில் பக்கவாதச் சாவுகள் பெரிதும் இறங்கின.

சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21 ஆயிரம் பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2021-ல் வந்தது. வழக்கமான உப்புக்குப் பதில் கால்வாசி பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தார்கள். பக்கவாதம் 14 சதவீதமும், மொத்த மரணம் 12 சதவீதமும் குறைந்தன. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த உப்புக்கு மாறக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்புக்கே ஆபத்து.

அப்போ கருவாடு சாப்பிட்டா கேன்சர் வருமா?

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, தெற்குச் சீனாவில் பழக்கத்தில் உள்ள ஒரு வகை உப்பு மீனைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. உப்பிடும்போது மீன் கொஞ்சம் அழுகும்படி செய்யப்படும் தயாரிப்பு அது. அங்கே சின்னக் குழந்தைகளுக்குக்கூடக் கொடுப்பார்கள். வெயிலில் நன்றாகக் காய்ந்த நெத்திலிக் கருவாடும் அதுவும் ஒன்றல்ல. அதே சமயம், அதிக உப்பிட்ட உணவைத் தொடர்ந்து சாப்பிடுவது வயிற்றுப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டக்கூடும் என்பதற்குப் பல ஆசிய நாடுகளில் ஆதாரம் உண்டு. பயந்து ஒதுக்க வேண்டியதில்லை, தினமும் சாப்பிட வேண்டியதும் இல்லை.

மரச்சீனி சாப்பிட்டால் கணையம் கெடும் என்பதும் பழைய பேச்சு. கேரளாவில் கணையத்தில் கல் உண்டாகி வரும் ஒரு வகைச் சர்க்கரை நோய் முன்பு அதிகம் காணப்பட்டதால், மரச்சீனியில் உள்ள சயனைடு சத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. ஆனால் மரச்சீனியே சாப்பிடாதவர்களுக்கும் அந்த நோய் வந்தது, மரபணுக் காரணங்களும் தெரியவந்தன. நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டால் கிழங்கால் அந்தப் பயம் வேண்டாம். சுகர் உள்ளவர்கள் பார்க்க வேண்டியது அளவை. மரச்சீனி வைக்கிற அன்று சோறு வேண்டாம்.

மீன் நல்லதுதானே?

நல்லதுதான். சாளை, அயலை, நெத்திலி போன்ற விலை குறைந்த மீன்களில் இதயத்துக்கு நல்லதான ஒமேகா-3 கொழுப்பு தாராளமாக இருக்கிறது. நெய்மீன் வெளியூர் சந்தைக்குப் போனாலும் வீட்டுச் சட்டியில் விழும் சாளை மட்டமில்லை. ஒமேகா-3 கணக்கில் பல பெரிய மீன்களைவிடச் சாளையே மேல்.

ஆனால் அதே சாளையை மசாலா தடவி, திரும்பத் திரும்பச் சூடாக்கிய எண்ணெயில் முங்கப் பொரித்தால் கதை மாறிவிடும். நல்ல கொழுப்பு குறைந்து, கெட்ட எண்ணெய் ஏறும். தேங்காயெண்ணெயில் இருப்பதில் பெரும்பகுதி நிறைகொழுப்பு, சுமார் 90 சதவீதம் வரை. அது கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல்-ஐ உயர்த்தும். குழம்பில் அரைத்துவிடும் தேங்காயில் நார்ச்சத்தாவது உண்டு. பொரிக்கிற எண்ணெயில் அதுவும் கிடையாது.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கவனிக்க ஒன்று. பால் ஊறும் என்று சுறா கொடுக்கும் வழக்கம் கடற்கரையில் உண்டு. ஆனால் சுறா போன்ற பெரிய மீன்களின் உடலில் பாதரசம் அதிகம் சேரும், அது குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம். சாளை, நெத்திலி போன்ற சின்ன மீன்கள் பாதுகாப்பானவை. யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குபவர்கள் மட்டும் சாளை, நெத்திலி அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடலுக்குப் போறவங்க கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டியது

சுகர் கட்டுப்பாட்டில் இல்லாமல் பல வருடம் போனால் காலில் உணர்ச்சி குறையும். மணலில் வெறுங்காலோடு நடப்பவருக்கு இது பெரிய ஆபத்து. தூண்டில் முள்ளோ சிப்பியோ குத்தினாலும் வலி தெரியாது. வலி தெரியாததால் புண் கவனிக்கப்படாது. உப்புத் தண்ணீரில் ஊறிய புண்ணில் கிருமி சேர்ந்து, கடைசியில் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலைவரை போகும். படகில் நிற்கிற தொழிலுக்கு ஒரு கால் போனால் குடும்பத்தின் வருமானமே போய்விடும். தினமும் இரவு பாதத்தை வெளிச்சத்தில் பார்ப்பதும், கரையில் செருப்புப் போடுவதும் செலவில்லாத காப்பீடு.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. இன்சுலினோ, சில வகை சுகர் மாத்திரையோ எடுத்துவிட்டு, சாப்பிடாமல் வலை இழுத்தால் சர்க்கரை திடீரெனத் தாழும். வியர்வை, கை நடுக்கம், கண் இருட்டு வரும். நடுக்கடலில் அது உயிருக்கே ஆபத்து. சர்க்கரையோ மிட்டாயோ கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கூட வருபவருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பல நாள் தங்கு கடலுக்குப் போகிறவர்கள் நாள் கணக்குக்குக் கூடுதலாகவே மாத்திரை எடுத்துப் போவது நல்லது. "கடல்ல இருக்கும்போது மாத்திரை வேண்டாம்" என்று விடுவதுதான் பலரையும் பக்கவாதத்தில் தள்ளுகிறது.

தட்டை எப்படி மாத்தலாம்?

* ஐசிஎம்ஆரின் கீழ் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்க வேண்டும். கடற்கரைத் தட்டில் மீன் இருக்கிறது, காய்தான் குறைவு. முருங்கைக்கீரைத் துவரன், வாழைப்பூ, பயறு எல்லாம் உள்ளூரிலேயே கிடைப்பவை.

* முதலில் காயும் மீனும், பிறகு சோறு. இந்த வரிசையில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைவது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது.

* வாரத்தில் பெரும்பாலான நாள் குழம்பு மீன், பொரித்த மீன் எப்போதாவது.

* கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை கழுவி, குழம்பில் உப்புப் போடாமல் கடைசியில் ருசி பார்த்துச் சேர்க்கலாம். கருவாடு இருக்கிற அன்று ஊறுகாயும் பப்படமும் வேண்டாம்.

* ஒரு நாளைக்கு நான்கைந்து கட்டன்சாயா குடிப்பவர் ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சீனி போட்டால், சாயாவில் மட்டும் சுமார் 40 கிராம் சீனி உள்ளே போகிறது. பாதியாகக் குறைத்தாலே பெரிய வித்தியாசம்.

* காய்கறி வாங்கக் காசில்லாத பாடுகெட்ட நாட்களுக்குப் பயறும் முட்டையும் மலிவான புரதம்.

எங்கே பரிசோதிக்கலாம்?

சுகரும் பிரஷரும் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. அதனால் 30 வயதைத் தாண்டிய எல்லோரும் வருடம் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்பதே அரசுத் திட்டங்களின் அடிப்படை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பரிசோதித்து மாத்திரையும் தருகிறார்கள். சிக்கல் உள்ளவர்களுக்கு ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வீட்டுக்குப் பணியாளர் வரும் நேரத்தில் ஆண்கள் கடலில் இருந்தால், வீட்டில் உள்ளவர்கள் அவர் கரையில் இருக்கும் நாளைச் சொல்லி வரச் சொல்லலாம்.

மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 5.7 முதல் 6.4 வரை என்றால் நோய்க்கு முந்தைய நிலை, 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். நடுவில் இருப்பவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. சோற்றில் ஒரு கரண்டி குறைவு, மீனில் ஒரு துண்டு கூடுதல், தினம் அரை மணி நேர நடை. இவற்றைத் தொடர்ந்து செய்தால் பலர் இயல்பு நிலைக்கே திரும்ப முடியும்.